சப்ளையருக்கு சப்ளையர் யார்? சப்ளை செயின் தொழில்நுட்பத்தில் முதல் ரூபாய் எங்கே போக வேண்டும்?

பிளானிங்_ஒரகடம்:

வணக்கம். ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பிளானிங் பார்க்கிறேன். கார் கம்பெனிகளுக்கு நேரடி சப்ளை. சப்ளை செயினைப் பலப்படுத்த இந்த வருடம் நிர்வாகம் தனியாகப் பணம் ஒதுக்கியிருக்கிறது. அதைக் கேள்விப்பட்டு வருகிற மென்பொருள்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பெரிய திரையைக் காட்டுகிறார்கள். லாரி எங்கே வருகிறது, கன்டெய்னர் எந்தத் துறைமுகத்தில் கிடக்கிறது, அடுத்த மூன்று மாதத்தில் எவ்வளவு தேவைப்படும் என்று ஏஐ சொல்கிறது, எல்லாம் அதில் தெரிகிறது.

நல்ல விஷயம்தான். ஆனால் முதல் ரூபாய் அங்கே போகக் கூடாது என்று நினைக்கிறேன். நம் சப்ளையருக்கு யார் சப்ளை செய்கிறார், அவருக்கு யார், அவருக்கும் கீழே யார் என்ற வரைபடத்துக்குத்தான் அது போக வேண்டும். காரணம் சொல்கிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்களுடைய ஒரு பாகத்துக்கு இரண்டு வெண்டர்கள் (சப்ளையர்கள்) இருந்தார்கள். ஒருவர் திருமுடிவாக்கம், இன்னொருவர் ஸ்ரீபெரும்புதூர். இரண்டு யூனிட்டிலும் தண்ணீர் ஏறவில்லை, மெஷின் ஓடியது. ஆனாலும் பாகம் வரவில்லை. விசாரித்தால், இரண்டு பேருமே ஜிங்க் பிளேட்டிங்குக்கு (துருப் பிடிக்காமல் துத்தநாகப் பூச்சு போடுவது) அம்பத்தூரில் ஒரே யூனிட்டுக்குத்தான் அனுப்புகிறார்கள். அங்கே தொட்டி வரைக்கும் வெள்ளம். எங்கள் இஆர்பியில், அதாவது கம்பெனிக் கணக்கு மென்பொருளில், அந்தப் பாகத்துக்கு நேரே ‘இரு சப்ளையர்’ என்று பச்சை நிறத்தில் இருந்தது. நிஜத்தில் ஒரே கதவு.

இந்தக் கீழ்மட்டத் தகவலை யாராவது ஒழுங்காகச் சேர்த்திருக்கிறீர்களா? எப்படி ஆரம்பித்தீர்கள்? சின்ன யூனிட்காரர்கள் சொல்வார்களா?

நகோயா_தமிழன்:

நீங்கள் பார்த்தது சின்ன அளவில் 2011இல் டொயோட்டா பார்த்ததேதான். இங்கே ஜப்பானில் வாகனத் துறையில் இருப்பதால் இந்தக் கதையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டொயோட்டாவுக்கு ஒரு பெரிய அடி 1997 பிப்ரவரி 1. காரியா ஊரில் இருந்த, டொயோட்டாவுக்குப் பாகம் செய்யும் ஐசின் கம்பெனியின் ஆலையில் தீ. பிரேக்கில் வரும் பி-வால்வு என்ற சின்னப் பாகம், டொயோட்டாவுக்குத் தேவையானதில் கிட்டத்தட்ட முழுவதும் அந்த ஓர் ஆலையில்தான் தயாரானது. கையிருப்போ சில மணி நேரத்துக்குத்தான். லைன்கள் வரிசையாக நின்றன. ஐசின் வரைபடங்களை எடுத்து மற்ற கம்பெனிகளுக்குக் கொடுத்தது. தையல் மெஷின் செய்யும் பிரதர் கூட வால்வு கடைந்து கொடுத்தது. சுமார் ஒரு வாரத்தில் மீண்டார்கள். அப்போது காப்பாற்றியது கணினி இல்லை, பழக்கம். யாரிடம் என்ன மெஷின் இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் தெரிந்திருந்தது.

2011 மார்ச் 11 பூகம்பத்தில் அந்தப் பழக்கம் போதவில்லை. இபராகி மாகாணத்தில் ரெனிசாஸ் கம்பெனியின் நாகா ஆலை நின்றது. கார் எஞ்சின் முதல் கண்ணாடி ஏற்றி இறக்குவது வரை ஓட்டும் மைக்ரோகன்ட்ரோலர் சிப் அங்கிருந்துதான் பலருக்கும் போய்க்கொண்டிருந்தது. ஜூன் மாதம்தான் உற்பத்தி மறுபடி தொடங்கியது. ஃபுகுஷிமாவில் ஓனஹாமா என்ற இடத்தில் மெர்க் கம்பெனி, கார் பெயின்ட்டில் மின்னும் சிராலிக் என்ற நிறமியைச் செய்துகொண்டிருந்தது. உலகத்தில் வேறெங்கும் அது தயாராகவில்லை. அது நின்றதும் அமெரிக்காவில் ஃபோர்டு ஒரு வகைக் கறுப்பு நிறத்துக்கு ஆர்டர் எடுப்பதை நிறுத்த வேண்டி வந்தது.

டொயோட்டா அப்போது புரிந்துகொண்ட விஷயம் இது. சப்ளை செயின் பிரமிடு மாதிரி கீழே போகப் போக விரியும் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் அது வைர வடிவம். முதல் அடுக்கில் பத்துப் பேர், இரண்டாவதில் நூறு பேர், அதற்குக் கீழே அந்த நூறு பேரும் ஒரே ஒருவரிடம் வாங்குகிறார்கள். உங்கள் அம்பத்தூர் பிளேட்டிங் யூனிட் அந்தக் கீழ் முனைதான்.

அதன் பிறகு ரெஸ்க்யூ என்ற தரவுத்தளத்தைக் கட்டினார்கள். எந்தப் பாகம், எந்த ஊரில், எந்த ஆலையில் தயாராகிறது என்று பல அடுக்கு கீழே வரைக்கும் லட்சக்கணக்கில் பதிவுகள். பூகம்பம் வந்தால் அந்த வட்டத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று உடனே பார்க்கலாம்.

கோவை_மெஷின்ஷாப்:

நான் அந்தக் கீழ் அடுக்கில் இருப்பவன். கணபதியில் சின்ன மெஷின் ஷாப், கணினி ஓட்டும் சிஎன்சி மெஷின் சிலது, கையால் ஓட்டும் பழைய லேத் சிலது. அம்மணி கேட்ட கடைசிக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன்: சொல்ல மாட்டோம்.

ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னுடைய ஹீட் ட்ரீட்மெண்ட் யார், ஃபவுண்டரி யார், எவ்வளவுக்கு என்று ஒரு பெரிய கம்பெனியின் போர்ட்டலில் நான் ஏற்றினால், அடுத்த விலைப் பேச்சுவார்த்தையில் அந்தத் தகவலே என் கழுத்துக்கு வரும். ‘உங்களுக்கு காஸ்டிங் கிலோ இந்த விலைக்குக் கிடைக்கிறதே’ என்று ஆரம்பிப்பார்கள். இல்லாவிட்டால் என்னைத் தாண்டி நேரடியாக அவரிடமே போவார்கள். இரண்டும் எனக்கு நடந்திருக்கிறது. ஒரு நல்ல பிளேட்டிங்காரரைத் தேடிக் கண்டுபிடித்து, வேலை சொல்லிக் கொடுத்து, ரிஜெக்ஷன் குறைத்து வைத்திருப்பதுதான் எங்கள் சொத்து. அதை ஒரு எக்செல் வரிசையில் இலவசமாகக் கேட்டால் எப்படி?

இன்னொன்று. போர்ட்டல் என்பது ஒன்று இல்லை. நான் கொடுக்கும் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு போர்ட்டல், ஒரு பாஸ்வேர்டு, ஒரு லேபிள் அளவு. ஒருவர் பார்கோடு கேட்கிறார், ஒருவர் க்யூஆர் கேட்கிறார். இதற்கென்றே ஒரு பையனை வைத்திருக்கிறேன். அவன் சம்பளத்தை எந்த விலையிலும் யாரும் சேர்த்துக் கொடுப்பதில்லை.

பிளானிங்_ஒரகடம்:

அண்ணா, நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். எங்கள் பர்ச்சேஸ் ஆட்களும் அப்படித்தான் செய்வார்கள், அதை நான் மறைக்க விரும்பவில்லை. அதனால்தான் இந்தத் தகவல் பர்ச்சேஸ் கைக்கே போகாத மாதிரி வைக்க முடியுமா என்று யோசிக்கிறேன். விலை வேண்டாம், பெயர் கூட வேண்டாம். இடம் மட்டும் போதும். இடமும், அங்கே என்ன வேலை நடக்கிறது என்பதும்.

நகோயா_தமிழன்:

டொயோட்டாவுக்கும் இதே தடைதான். 2011க்குப் பிறகு கேட்டபோது பல சப்ளையர்கள் கீழ் அடுக்கைச் சொல்லத் தயங்கினார்கள். அது அவர்களுடைய தொழில் ரகசியம். அதனால் யார் எதைப் பார்க்கலாம் என்பதில் கட்டுப்பாடு வைத்துத்தான் அமைக்க வேண்டியிருந்தது.

ஐரோப்பாவில் இதற்கு வேறு வழி எடுத்திருக்கிறார்கள். கட்டேனா-எக்ஸ் என்று ஜெர்மன் வாகனத் துறை 2021இல் தொடங்கிய தரவு வலையமைப்பு. பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஃபோக்ஸ்வாகன், பாஷ், எஸ்ஏபி எல்லாம் அதில் இருக்கிறார்கள். தரவு ஒரே இடத்தில் குவியாது. அவரவர் தரவு அவரவர் கணினியிலேயே இருக்கும். நீங்கள் ஒரு கேள்வி கேட்டால், அதற்கு அனுமதி இருந்தால் மட்டும் பதில் வரும். ஒவ்வொருவரும் தனக்கு நேர் கீழே உள்ளவரை மட்டும் அறிவார். கேள்வி சங்கிலியாக இறங்கும், பதில் சங்கிலியாக ஏறும். தொழில்நுட்ப ரீதியாக அழகான ஏற்பாடு. சின்ன யூனிட்டுகளுக்கு அதை நிறுவுவது இன்னும் கனமாகத்தான் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஓசூர்_குவாலிட்டி:

வரைபடம் பற்றிப் பேசுகிறீர்கள். குவாலிட்டி பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். ‘யார் செய்தார்’ என்பதோடு ‘எந்த லாட்’ (ஒரே தடவையில் செய்த தொகுதி) என்பதும் கூட வர வேண்டும். இல்லாவிட்டால் பாதி பயன்தான்.

ஸ்டீல் ஆலையிலிருந்து கம்பி வரும்போது ஹீட் நம்பரும் (ஒரே தடவை உருக்கிய ஸ்டீலுக்கான எண்) டெஸ்ட் சர்டிபிகேட்டும் சேர்ந்து வருகின்றன. வெட்டும் இடம், ஃபோர்ஜிங், மெஷினிங் வரைக்கும் பெரும்பாலும் அந்த நம்பர் உயிரோடு இருக்கும், சலானில் கையால் எழுதியாவது. செத்துப்போவது பிளேட்டிங் பேரலில், அதாவது பாகங்களைக் கொட்டிச் சுற்றும் உருளையில். இரண்டு மூன்று பேருடைய பாகங்கள், இரண்டு மூன்று ஹீட், எல்லாம் ஒரே பேரலில் சுற்றி வெளியே வரும். அதன் பிறகு எது எதிலிருந்து வந்தது என்று கடவுளுக்கே தெரியாது.

இது ஏன் முக்கியம் என்றால், 12.9 கிரேடு போல்ட் மாதிரி மிகக் கடினமான பாகங்களை எலக்ட்ரோபிளேட்டிங் செய்த பிறகு சில மணி நேரத்துக்குள் அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டும். ஆசிட்டிலும் பிளேட்டிங்கிலும் ஸ்டீலுக்குள் புகுந்த ஹைட்ரஜனை வெளியேற்றத்தான் அது. அதை விட்டுவிட்டால் போல்ட் டெஸ்டில் பாஸ் ஆகும், வண்டியில் இறுக்கின பிறகு திடீரென்று உடையும். அப்படி ஒரு புகார் வந்தால் லாட் தெரிந்தவர் ஒரு ஷிப்டின் பேரல்களை மட்டும் திரும்ப எடுப்பார். தெரியாதவர் மாதம் முழுக்கப் போனதை எடுக்க வேண்டும், கூடவே லைனும் நிற்கும். சப்ளை செயின் அறுவது வெள்ளத்தால் மட்டும் இல்லை, இப்படியும்தான்.

இதற்குப் பெரிய மென்பொருள் தேவைப்படவில்லை. பாகங்கள் வைக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு க்யூஆர் அட்டை, பிளேட்டிங்காரரிடம் ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன், பேரலில் கொட்டும்போது ஒரு ஸ்கேன், அடுப்பில் வைக்கும்போது ஒரு ஸ்கேன். கடினமான பகுதி, ‘ஒரு பேரலில் ஒரு லாட்’ என்று அவரை ஒத்துக்கொள்ள வைப்பது. பேரல் பாதி காலியாக ஓடினால் அவருக்கு நஷ்டம். நாங்கள் குறைந்தபட்ச லாட் அளவைக் கூட்டிக் கொடுத்த பிறகுதான் அது ஓடத் தொடங்கியது.

ஏற்றுமதி செய்பவர்களுக்கு இன்னொரு நெருக்கடியும் வந்துவிட்டது. ஐரோப்பாவின் கார்பன் எல்லை வரி 2026 ஜனவரி 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. இரும்பு, ஸ்டீல் மட்டும் இல்லை, போல்ட், ஸ்க்ரூ கூட அதில் சேரும். எந்த ஆலையின் ஸ்டீல், அதைச் செய்ய எவ்வளவு கார்பன் வெளியேறியது என்று கேட்பார்கள். ஹீட் நம்பரைத் தொலைத்தவரால் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

மெக்கானிக்கல்_மூன்றாம்ஆண்டு:

அண்ணன்களுக்கும் அக்காவுக்கும் வணக்கம். மதுரையில் படிக்கிறேன். எங்களுக்கு இன்டஸ்ட்ரி 4.0 பாடத்தில் டிஜிட்டல் ட்வின் (நிஜ அமைப்பின் கணினி நகல்), ஏஐ வைத்துத் தேவையைக் கணிப்பது எல்லாம் பெரிதாகச் சொல்கிறார்கள். நீங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லையே. நடைமுறையில் அதற்குப் பயன் இல்லையா?

பிளானிங்_ஒரகடம்:

பயன் உண்டு தம்பி. ஆனால் வரிசை முக்கியம்.

கணிப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். எங்களைப் போன்ற சப்ளையருக்குத் தேவை என்பது கஸ்டமர் அனுப்பும் ஷெட்யூல். ஒரு மாதம் உறுதி, அடுத்த இரண்டு மாதம் உத்தேசம் என்று வரும். அந்த உறுதியான மாதத்துக்குள்ளேயே மூன்று முறை மாறும். கடைசிக் கடையில் விற்பனை கொஞ்சம் ஆடினால், ஒவ்வொரு அடுக்கும் தன் பயத்தைச் சேர்த்து ஆர்டர் போட்டு, கீழே வரும்போது அது பெரிய அலையாக வரும். கோவை அண்ணனிடம் கேளுங்கள், ஒரு மாதம் மூன்று ஷிப்டு, அடுத்த மாதம் மெஷின் சும்மா. இதற்கு மருந்து என்னிடம் இருக்கும் கணிப்பு மென்பொருள் இல்லை. கஸ்டமரின் உண்மையான உற்பத்தித் திட்டம் அவருக்கும் எனக்கும் ஒரே நாளில் தெரிந்தால் அலை பாதியாகக் குறையும். உதிரிபாக விற்பனைக்கு, அதாவது கடைகளில் விற்கும் ஸ்பேர்ஸுக்கு, மெஷின் லேர்னிங் கணிப்பு நன்றாகவே உதவுகிறது. அங்கே ஆயிரக்கணக்கான பாகங்கள், பல வருட விற்பனைக் கணக்கு, சீசன் எல்லாம் இருக்கிறது.

டிஜிட்டல் ட்வின் விஷயத்தில் நான் உண்மையிலேயே மதிப்பது ஒன்று உண்டு. எம்ஐடி பேராசிரியர் டேவிட் சிம்சி-லெவி ஃபோர்டு கம்பெனியோடு சேர்ந்து செய்த முறை. பூகம்பம் வர எத்தனை சதவீத வாய்ப்பு, தீ பிடிக்க எத்தனை என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்க அவர்கள் விரும்பவில்லை. அதை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. பதிலாக ஒவ்வொரு சப்ளையர் இடத்துக்கும் இரண்டு எண்கள் மட்டும். அந்த இடம் முழுக்க நின்றுபோனால் மறுபடி ஓட எத்தனை நாள்? அது மீளும் நேரம். அது இல்லாமல் நம் லைன் எத்தனை நாள் ஓடும்? அது தாங்கும் நேரம். மீளும் நேரம் பெரிதாக இருந்தால் அங்கே ஓட்டை. ஏன் நின்றது என்ற கேள்வியே வேண்டாம். வெள்ளமா, வேலைநிறுத்தமா, முதலாளிக்கு உடம்பு சரியில்லையா, எதுவானாலும் லைனுக்கு ஒன்றுதான்.

எங்கள் பிளேட்டிங் விஷயத்தையே இதில் போட்டுப் பாருங்கள். தொட்டி, ரெக்டிஃபையர் எல்லாம் நனைந்தால் சரிசெய்து, கெமிக்கல் மாற்றி, மறுபடி சாம்பிள் எடுத்து, கஸ்டமர் அனுமதி வாங்க மூன்று வாரம் என்று வையுங்கள். எங்கள் ஸ்டோர்ஸில் நான்கு நாள், வெண்டரிடம் மூன்று நாள், மொத்தம் ஒரு வாரம் தாங்கும். இரண்டு வார ஓட்டை. அதை அடைக்க இரண்டு வாரச் சரக்கு கூடுதலாக வைக்கலாம், அல்லது ஓசூரிலோ கோவையிலோ இன்னொரு பிளேட்டிங் யூனிட்டை முன்பே சாம்பிள் எடுத்து அனுமதி வாங்கி வைக்கலாம். எது மலிவு என்று கணக்குப் போடுவது பிறகு சுலபம்.

ஃபோர்டில் இதைப் போட்டுப் பார்த்தபோது வந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. அதிகப் பணம் கொடுத்து வாங்கும் இடங்களில்தான் ஆபத்து அதிகம் என்று எதிர்பார்ப்போம். அப்படி ஒரு தொடர்பே இல்லை. சில்லறை விலைப் பாகம் தரும் இடங்கள் பலவற்றில் பெரிய ஆபத்து இருந்தது. விலை உயர்ந்த பாகத்தை எல்லாரும் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்கிறார்கள். இரண்டு ரூபாய் வாஷரை யாரும் பார்ப்பதில்லை.

இந்தக் கணக்கைப் போடவும் முதலில் வரைபடம் வேண்டும் என்பதைக் கவனி. ட்வின் என்பது அந்த வரைபடத்தின் மேல் ஓடும் கணக்குதான்.

சர்வர்அறை:

ஐடி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இணைப்பைக் கூட்டக் கூட்டப் புதிய ஓட்டையும் கூடவே வருகிறது, இதைப் பற்றி யாரும் பேசவில்லை. டொயோட்டாவையே எடுத்துக்கொள்ளலாம்.

2022 பிப்ரவரி கடைசியில் கோஜிமா என்ற சப்ளையரின் சர்வரில் ரான்சம்வேர் (கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்தது. பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் கம்பெனி அது. அவர்கள் பாதுகாப்புக்காகத் தங்கள் நெட்வொர்க்கைத் துண்டித்தார்கள். ஆர்டர் பரிமாற்றம் நின்றது. மார்ச் 1ஆம் தேதி ஜப்பானில் டொயோட்டாவின் 14 ஆலைகளிலும் இருந்த மொத்தம் 28 லைன்களும் நின்றன. ஒரே நாளில் சுமார் 13,000 வண்டிகள் போயின. ஆலையில் தீ இல்லை, வெள்ளம் இல்லை, பாகம் செய்யும் மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த வருடம் 2023 ஆகஸ்ட் 29. மறுபடி 14 ஆலைகள். இந்த முறை தாக்குதல் கூட இல்லை. பாகம் ஆர்டர் போடும் சர்வரில் பராமரிப்பு வேலை பார்க்கும்போது டிஸ்கில் இடம் போதாமல் சிஸ்டம் நின்றது. பேக்கப் சர்வரும் அதே அமைப்பில் ஓடியதால் அதுவும் அதே காரணத்தால் படுத்தது. இந்த இழையின் முதல் பதிவில் வந்த ‘இரண்டு வெண்டர், ஒரே பிளேட்டிங்’ கதைதான் இது, சர்வர் வடிவில்.

2025இல் ஜாகுவார் லேண்ட் ரோவர். ஆகஸ்ட் கடைசியில் சைபர் தாக்குதல், அக்டோபரில்தான் உற்பத்தி படிப்படியாகத் திரும்பியது. கம்பெனி தாங்கிக்கொண்டது. கீழே இருந்த சின்ன சப்ளையர்கள் பாடுதான் திண்டாட்டம், பிரிட்டிஷ் அரசு 1.5 பில்லியன் பவுண்டு கடனுக்கு உத்தரவாதம் கொடுக்க வேண்டியிருந்தது.

அதனால் என் கோரிக்கை. சப்ளையர் போர்ட்டல் போடுகிறீர்கள் என்றால், அது ஒரு வாரம் இல்லாவிட்டால் எப்படி ஓட்டுவது என்று ஒரு தாளில் எழுதி, வருடத்துக்கு ஒருமுறை உண்மையிலேயே அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். கடைசி ஷெட்யூல், பாகவாரியான கையிருப்பு, வெண்டர் போன் நம்பர் மூன்றும் தினமும் நெட்வொர்க்கோடு ஒட்டாத ஓர் இடத்தில் நகலாக விழ வேண்டும். சின்ன யூனிட்டுகளில் நான் பார்ப்பது, டேலி ஓடும் கம்ப்யூட்டரிலேயே போர்ட்டல், அதிலேயே மெயில், அதிலேயே யாரோ கொண்டு வந்த பென் டிரைவ். பேக்கப் அதே மெஷினின் இன்னொரு டிரைவில். இதைச் சரிசெய்யப் பெரிய செலவு இல்லை. ஆனால் சொல்லிக் கொடுக்க யாராவது போக வேண்டும், அந்தச் செலவைப் பெரிய கம்பெனிதான் ஏற்க வேண்டும்.

ஓசூர்_குவாலிட்டி:

வருடத்துக்கு ஒருமுறை அணைத்துப் பார்ப்பது அருமையான யோசனை. எங்கள் தீயணைப்புப் பயிற்சியோடு அதையும் சேர்க்கச் சொல்லப் போகிறேன்.

கோவை_மெஷின்ஷாப்:

சர்வர்அறை தம்பி சொன்ன கம்ப்யூட்டர் எங்கள் ஆபீசிலேயே இருக்கிறது. சரி, அதைப் பிரித்துவிடுகிறேன்.

தொழில்நுட்பத்தை நான் வெறுக்கவில்லை. பழைய லேத்துகளுக்கும் சிஎன்சிக்கும் மெயின் வயரைச் சுற்றி ஒரு கரண்ட் சென்சார் மாட்டியிருக்கிறோம். மெஷினைத் திறக்க வேண்டியதில்லை, கிளாம்ப் மாதிரி கவ்விக்கொள்ளும். கரண்ட் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தே மெஷின் வெட்டுகிறதா, சும்மா சுற்றுகிறதா, நிற்கிறதா என்று போனில் தெரிந்துவிடும். பக்கத்துக் கல்லூரிப் பசங்கள் செய்து கொடுத்தார்கள், மெஷினுக்குச் சில ஆயிரம் ரூபாய்தான். அதற்கு முன்பு ‘அந்த மெஷின் ஃபுல் லோடு’ என்று நானே நினைத்துக்கொண்டிருந்த மெஷின் செட்டிங்குக்காகவும் வெட்டும் முனை (இன்செர்ட்) மாற்றுவதற்காகவும் எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போது ஒரு அவசர ஆர்டர் வந்தால் முடியும், முடியாது என்று உண்மையைச் சொல்ல முடிகிறது. அம்மணிக்கு இந்தத் தகவல்தான் தங்கம் என்று நினைக்கிறேன்.

ஆனால் அதை ஏன் நான் உங்களுக்குக் காட்ட வேண்டும்? மெஷின் காலியாக இருப்பது தெரிந்தால் விலை குறைப்பீர்கள். இதற்குப் பதில் வேண்டும். எனக்குத் தோன்றும் பதில் ஒன்றுதான்: பணம் சரியான தேதிக்கு வர வேண்டும். சட்டம் 45 நாள் என்கிறது. கைக்கு வருவது தொண்ணூறு, நூற்று இருபது நாள். நான் ஃபவுண்டரிக்குத் தாமதிக்கிறேன், அவர் பிக் அயர்ன்காரருக்குத் தாமதிக்கிறார். கடைசியில் எங்காவது ஒரு யூனிட் மூடிவிடுகிறது. உங்கள் திரையில் அது வெள்ளம் மாதிரியேதான் தெரியும். உண்மையில் அது உங்கள் அக்கவுண்ட்ஸ் மேசையில் ஆரம்பித்தது.

வரவுசெலவு_திருச்சி:

ஐயா சொன்ன பணப் பிரச்சினைக்கு இருக்கும் கருவியைச் சொல்கிறேன், ஏனென்றால் பல யூனிட்டுகள் இன்னும் பயன்படுத்தவில்லை. ட்ரெட்ஸ் என்று ரிசர்வ் வங்கி வழிகாட்டுதலில் நடக்கும் இணையத் தளங்கள். நீங்கள் பில்லை ஏற்றுகிறீர்கள், வாங்கிய கம்பெனி ‘ஆம், இது சரி’ என்று ஒப்புக்கொள்கிறது. வங்கிகள் வட்டிக்குப் போட்டி போடுகின்றன. குறைந்த வட்டி கேட்டவர் உங்களுக்கு உடனே பணம் போடுவார், கெடு வரும்போது கம்பெனியிடம் வாங்கிக்கொள்வார். இதில் இரண்டு நன்மை. வட்டி பெரிய கம்பெனியின் தரத்தைப் பார்த்து வருகிறது, உங்கள் தரத்தைப் பார்த்து இல்லை. கம்பெனி கட்டத் தவறினாலும் வங்கி உங்களிடம் திரும்பி வராது. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் இதில் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2024 நவம்பரில் உத்தரவு வந்துவிட்டது. ஆனால் பதிவு செய்வது வேறு, பில்லை ஒப்புக்கொள்வது வேறு. ஒப்புக்கொள்ளச் சொல்லி நீங்கள்தான் விடாமல் கேட்க வேண்டும்.

வருமான வரியிலும் சிறு, குறு உற்பத்தி யூனிட்டுகளுக்குக் கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கும் வருடம் வரைக்கும் அந்தச் செலவைக் கழிக்க முடியாது என்று விதி வந்திருக்கிறது. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) வைத்திருங்கள், பில்லில் அந்த எண்ணை அச்சிடுங்கள்.

அப்புறம், வரைபடத்துக்கு ஒரு குறுக்கு வழி. ஜிஎஸ்டியில் ஜாப் ஒர்க்குக்கு, அதாவது தங்கள் சரக்கில் ஒரு வேலையை மட்டும் வெளியே செய்து வாங்க, சரக்கு அனுப்புபவர்கள் ஐடிசி-04 என்ற படிவம் தாக்கல் செய்கிறார்கள். 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் இருந்தால் அரையாண்டுக்கு ஒருமுறை, குறைவாக இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை. யாருக்கு என்ன அனுப்பினோம், என்ன திரும்பி வந்தது என்று ஜாப் ஒர்க் செய்பவரின் ஜிஎஸ்டி எண்ணோடு அதில் இருக்கும். பிளேட்டிங், ஹீட் ட்ரீட்மெண்ட், கிரைண்டிங் எல்லாம் அதில் வந்துவிடும். புதிதாக எதையும் நிரப்பச் சொல்ல வேண்டாம், இருப்பதிலிருந்தே எடுக்கலாம்.

பிளானிங்_ஒரகடம்:

ஐடிசி-04! இது எனக்குத் தோன்றவே இல்லை. மிக்க நன்றி.

எல்லாருடைய பதிவையும் வைத்து நிர்வாகத்திடம் கொண்டுபோகப் போவது இது. லைனை நிறுத்தக் கூடிய பாகங்களை மட்டும் முதலில் எடுப்போம். எல்லாப் பாகத்தையும் ஒரே நேரத்தில் தொட்டால் எதுவும் முடியாது. வெண்டர் தன் ஐடிசி-04இலிருந்து வேலையின் பெயரையும் இடத்தையும் மட்டும் கொடுப்பார். செய்பவரின் பெயரும் விலையும் வேண்டாம். அந்த அட்டவணை பிளானிங்கிடம் மட்டும் இருக்கும், பர்ச்சேஸுக்குக் கதவு கிடையாது, அதை வெண்டரோடு எழுத்தில் போட்டுக் கையெழுத்திடுவோம். தகவல் கொடுக்கும் வெண்டரின் பில்லை ட்ரெட்ஸில் வந்த உடனே ஒப்புக்கொள்வோம். அக்கவுண்ட்ஸ் இதற்குத்தான் முரண்டு பிடிப்பார்கள், அதற்காகச் சண்டை போடத் தயார்.

கோவை அண்ணா, இப்படி வந்தால் நீங்கள் சொல்வீர்களா?

கோவை_மெஷின்ஷாப்:

பணம் பற்றிய வரி எழுத்தில் இருந்தால் சொல்வேன். ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். இரண்டு வாரச் சரக்கு கூடுதலாக வைக்கலாம் என்று எழுதினீர்களே, அது யார் ஷெட்டில், யார் பணத்தில்? வழக்கமாக ‘வெண்டர் வைத்துக்கொள்ளட்டும்’ என்று முடித்துவிடுவார்கள்.

நகோயா_தமிழன்:

அண்ணன் கேட்டது சரியான கேள்வி. டொயோட்டா 2011க்குப் பிறகு சிப் சப்ளையர்களிடம் இரண்டு முதல் ஆறு மாதச் சரக்கு வைக்கச் சொன்னது. 2021இல் உலகம் முழுக்க சிப் இல்லாமல் மற்றவர்கள் லைனை நிறுத்தியபோது டொயோட்டா மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தது, அந்தச் சரக்கினால்தான். செப்டம்பரில் அதற்கும் உற்பத்தியை 40 சதவீதம் குறைக்க வேண்டி வந்தது என்பது வேறு. ஆனால் அந்தச் சரக்கை சப்ளையர் தலையில் கட்டிவிடவில்லை. வருடாவருடம் கேட்டு வாங்கும் விலைக் குறைப்பில் ஒரு பங்கை அதற்காகத் திருப்பிக் கொடுத்ததாக அப்போதே செய்திகள் வந்தன.

வரைபடத்தின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரலில் சீனா ஏழு அரிய மண் தனிமங்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டபோது, மோட்டாரில் வரும் காந்தம் கிடைக்காமல் இங்கே சுசுகி ஸ்விஃப்ட் உற்பத்தியை நிறுத்தியது. இந்தியாவில் பஜாஜ் மின் ஸ்கூட்டர் உற்பத்தி பாதிக்கும் என்று வெளிப்படையாகச் சொன்னது. காந்தம் எங்கிருந்து வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் மாற்று இல்லை. அங்கே வேலை வடிவமைப்பு ஆட்களுடையது, அந்தக் காந்தமே தேவைப்படாத மோட்டார் செய்வது. வரைபடம் பார்த்தவர்கள் அந்த வேலையைச் சில வருடம் முன்பே தொடங்கியிருக்க முடியும்.

பிளானிங்_ஒரகடம்:

கூடுதல் சரக்கின் வட்டியை நாங்கள் ஏற்பதாகத் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். ஷெட் இடத்துக்கு வாடகை எப்படிக் கணக்கிடுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரவுசெலவு_திருச்சி:

தனி வாடகை என்று பில் போட்டால் அதற்கென்று ஜிஎஸ்டி, ஒப்பந்தம் எல்லாம் நீளும். பாக விலையிலேயே பைசாக் கணக்கில் சேர்த்து, ‘கையிருப்புப் படி’ என்று தனி வரியில் காட்டுங்கள். சரக்கு அளவு குறைந்தால் அந்த வரி மட்டும் குறையும், அடிப்படை விலையை யாரும் தொட மாட்டார்கள்.

ஓசூர்_குவாலிட்டி:

அந்தக் கூடுதல் சரக்கை பிளேட்டிங் முடிந்த பாகமாகவே வையுங்கள். முன்னாலேயே நிறுத்தி வைத்தால், பிளேட்டிங் யூனிட் நிற்கும் அன்று அது உங்களுக்கு உதவாது. துருவைத் தடுக்கும் விசிஐ கவர், பழையது முதலில் போகும்படி அட்டையில் தேதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுழற்சி. இடத்தைக் குறிக்கும்போது பின்கோடு மட்டும் போதாது, அம்பத்தூரில் ஒரே பின்கோட்டுக்குள் நனைந்த தெருவும் இருந்தது, நனையாத தெருவும் இருந்தது. ஜிபிஎஸ் புள்ளியோடு, தரைமட்டத்திலிருந்து தொட்டி எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று ஒரு கட்டமும் சேர்த்துக்கொள்ளுங்கள்.